பதிமூன்று வயதில் நின்றுபோன டைமிங்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஏழு வயதிலிருந்து நீந்துகிறாள். 11 வயதில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாவட்டத்தில் முதலிடம். வயதுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அதிலிருந்து டைமிங் குறையவே இல்லை. போன மீட்டில் 2 நொடி கூடிவிட்டது. உடம்பு போட்டதுதான் காரணம் என்று கோச் சொன்னதால் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டேன். இனி மாலையிலும் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். தோள் வலிக்கிறது என்கிறாள். நீச்சலை நிறுத்திவிடலாமா?

பதில்: முதல் வேலையாக, இன்று இரவே அவளுக்குப் பழையபடி வயிறாரச் சோறு போடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இந்த வயதில் பெண் பிள்ளைகளுக்குக் கை, கால் நீள்கிறது, இடுப்பு அகல்கிறது, கொழுப்பு சற்றுக் கூடுகிறது. தண்ணீரில் உடம்பு கிடக்கும் வாகே மாறிவிடுகிறது. பழைய உடம்புக்குப் பழகிய ஸ்ட்ரோக்கை (கைவீச்சை) வைத்துக்கொண்டு புது உடம்பில் நீந்துகிறாள். டைமிங் ஓராண்டு, சிலருக்கு ஈராண்டு அசையாமல் நிற்பது உண்டு. பையன்களுக்கோ இதே பருவத்தில் தசை ஏறி நேரம் மளமளவென்று குறையும். பக்கத்து லேன் பையனோடு மட்டும் அவளை ஒப்பிடாதீர்கள்.

சாப்பாட்டைக் குறைத்தால் எடைக்கு முன்னால் குறைவது தெம்பு. அது தொடர்ந்தால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலவீனப்படலாம். வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். முருங்கைக்கீரை, அசைவம் என்றால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கொடுங்கள். சாப்பிட்ட கையோடு காபி மட்டும் வேண்டாம், இரும்பைச் சேரவிடாது.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்த நாட்களில் அவளைக் குளத்துக்கு அனுப்புகிறீர்களா? மாதம் 5 நாள் என்றால் ஆண்டுக்கு 60 நாள் பயிற்சி போய்விடும். டாம்பான் அல்லது மென்ஸ்ட்ருவல் கப் வைத்துக்கொண்டு தாராளமாக நீந்தலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ரிலே முடிந்ததும் சீனாவின் ஃபூ யுவான்ஹுய், முந்தைய இரவுதான் மாதவிடாய் தொடங்கியது என்று கேமரா முன்பே சொன்னார்.

தோள் வலியை லேசாக விடாதீர்கள். 25 மீட்டருக்கு இரண்டு கையும் சேர்த்து 20 வீச்சு என்று வைத்தால், 4 கிலோமீட்டர் பயிற்சியில் ஒரு கை மட்டும் 1,600 தடவை சுழல்கிறது. பயிற்சிக்குப் பிறகு பொதுவாக வலித்து, மறுநாள் போய்விட்டால் அது அசதி. தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினாலோ, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாவிட்டாலோ பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அதுவரை பயிற்சியில் கையில் மாட்டும் பேடில் (paddle) தட்டு வேண்டாம்.

மாலைப் பயிற்சியை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். காலை 4.30 மணிக்கு எழுகிற பிள்ளை இரவு 8.30-க்காவது படுத்தால்தான் 8 மணி நேரத் தூக்கம் கிடைக்கும். மாலைக் குளம், டியூஷன் இரண்டும் இருந்தால் அது நடக்காது. கோச்சிடம் கூடுதல் கிலோமீட்டருக்குப் பதில் ஸ்டார்ட், டர்ன், ஒரு லேப்புக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்பதில் வேலை செய்யச் சொல்லுங்கள். புதிதாக நீண்ட கைக்கு ஸ்ட்ரோக் எண்ணிக்கை குறைய வேண்டும். குறையவில்லை என்றால் கோளாறு அங்கே இருக்கிறது, எடையில் இல்லை.

பதிமூன்று வயதில் டைமிங் நின்றதோடு எல்லாம் முடிந்துவிடாது. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், நேரடி ஒலிம்பிக் தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்திய நீச்சல் வீரர். 2021-ல் ரோமில், 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில், 1 நிமிடம் 56.38 நொடி. அப்போது அவருக்கு வயது 27.

நிறுத்துவதா என்பதை மகளிடமே கேளுங்கள். ஆனால் மீட் முடிந்து வரும் வழியில் கேட்காதீர்கள். சாப்பாடும் தூக்கமும் சீராகி ஆறு வாரம் போகட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கேளுங்கள்.