பெத்தும்மாவின் பெட்டியில் ஒரு புத்தகம்
(வாசகர் கேள்விகளுக்கு, மேலப்பாளையத்தில் 45 ஆண்டுகள் கடைப் பலகைகளும் பள்ளிவாசல் எழுத்துகளும் எழுதிய ஓவியரின் பதில்கள்)

பள்ளிவாசல் முகப்பில் இருக்கும் அரபு எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. இருந்தாலும் கடந்து போகும்போது நின்று பார்க்கிறேன். அதில் அப்படி என்ன இருக்கிறது? – தென்காசி வாசகர்

அளவு இருக்கிறது, அண்ணாச்சி. நாணல் பேனாவின் முனையைத் தாளில் ஒரு தடவை அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். அரபியின் முதல் எழுத்தான 'அலிஃப்' என்ற நெட்டைக் கோடு, நஸ்க் என்ற எழுத்து வகையில் ஐந்து புள்ளி உயரம், துலுத் என்ற வகையில் ஏழு புள்ளி உயரம் என்று கணக்கு. அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் மற்ற எழுத்துகளின் வளைவுகள் அதற்குள் அடங்கும். உங்கள் வீட்டு வாசலிலும் புள்ளி வைத்துத்தானே கோலம் போடுகிறார்கள்? கோலத்தில் புள்ளி கண்ணுக்குத் தெரியும். இங்கே எழுதியவன் மனத்தோடு நின்றுவிடும்.

இந்தக் கணக்கை வகுத்தவர் பாக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்த இப்னு முக்லா. அரசியல் பகையில் அவருடைய வலக்கையை வெட்டினார்கள். வெட்டுப்பட்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று சொல்வார்கள். 940இல் சிறையில் இறந்தார். இதை என் உஸ்தாத் (ஆசிரியர்) சொல்லிக் கேட்டபோது எனக்கு 19 வயது. அன்று சாரத்தில் ஏறி நின்றும் எனக்குக் கை ஓடவில்லை.

தாஜ்மகாலுக்குப் போனால் வாசல் வளைவைச் சுற்றி ஓடும் எழுத்தைப் பாருங்கள். எழுதியவர் அமானத் கான். கீழே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று மேலே போகப்போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். உயரத்தில் பலகை எழுதியவனுக்கு அதன் அருமை தெரியும்.

உருவம் வரையக் கூடாது என்பதால்தான் எழுத்தை இப்படி அலங்கரித்தார்களா? – பாளையங்கோட்டை மாணவி

அது ஒரு காரணம். அதை மட்டுமே சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாரசீகத்தில் உருவ ஓவியமும் எழுத்துக்கலையும் ஒரே ஏட்டில் சேர்ந்தே வளர்ந்தன. 'பேனாவின் மீதும், அவர்கள் எழுதுவதன் மீதும் சத்தியமாக' என்று குர்ஆனின் 68ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. இறைவன் சத்தியம் செய்த பொருளைக் கையில் பிடித்திருக்கிறோம் என்ற எண்ணமே அந்தக் கைகளை இத்தனை நூற்றாண்டுகள் நடத்தியது. 2021இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 16 நாடுகள் சேர்ந்து கேட்டிருந்தன.

பெத்தும்மா (பாட்டி) மவுத்தான (இறந்த) பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிய ஒரு புத்தகம் கிடைத்தது. எழுத்து அரபிதான். ஆனால் மதரஸாவில் ஓதும் என் மகனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சில எழுத்துகளில் புள்ளி கூடுதலாக இருக்கிறது என்கிறான். ஆற்றில் விட்டுவிடலாமா? – கடையநல்லூர் வாசகி

வேண்டாம், தங்கச்சி. தயவுசெய்து வேண்டாம்.

மகனை அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் தேட வேண்டாம், ஒலியை மட்டும் வாசிக்கட்டும். நாலு வரி போவதற்குள், "உம்மா, இது தமிழ்!" என்பான். அது அரபுத் தமிழ். ச, ட, ண, ப, ழ, ள போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்து கிடையாது. அதனால் இருக்கிற எழுத்துகளில் புள்ளி கூட்டி நம் முன்னோர் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் கூடக் குறி உண்டு. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், அரபுத் தமிழில் எழுதியவர்களில் பெரிய பெயர்.

என் உம்மாவுக்கு இதுதான் படிப்பு. வெள்ளிக்கிழமை இரவு அவர் ராகத்தோடு வாசிப்பார். தெருப் பெண்கள் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். அதே உம்மா, வங்கிக்குப் போனால் கைநாட்டு வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பதிந்துகொண்டார்கள். அந்தப் படிவத்தில் மை தோய்ந்த அவருடைய பெருவிரல் பதிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இன்றும் எனக்கு ஆறவில்லை.

தமிழுக்கு ஒரே சட்டைதான் என்று யார் சொன்னது? அம்பாசமுத்திரத்தில் பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு வட்டெழுத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அதுவும் படிக்கத் தெரியாது. அதைத் தமிழ் இல்லை என்போமா?

உங்களுடையது கல்லச்சுப் புத்தகமாக இருக்கலாம். கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அச்சிடும் முறை அது. அச்சுப் புத்தகம் என்றாலும் ஒவ்வொரு பக்கமும் ஒருவருடைய கையெழுத்து. பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், ஈரம் தங்கும். கிழிந்த இடத்தில் டேப் ஒட்டாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

திருமண அழைப்பிதழில் பிஸ்மியை ('இறைவனின் பெயரால்' என்று தொடங்கும் அரபு வாசகம்) அச்சிட்டோம். தப்பு என்று பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். எழுத்தெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? – பேட்டை வாசகர்

நீங்கள் அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தேன். எல்லா எழுத்தும் இருக்கிறது, ஆனால் ஒன்றின் கையை ஒன்று பிடிக்கவில்லை. அரபியில் பெரும்பாலான எழுத்துகள் சேர்ந்தே வரும். சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் ஒவ்வொன்றுக்கும் வடிவம் மாறும். அரபியைக் கையாளத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாக உதிர்ந்து, வலமிருந்து போக வேண்டியது இடமிருந்து போய்விடும். ஃபிளெக்ஸ் பலகைகளிலும் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனம் வலிக்கிறது. இனி அச்சுக்குக் கொடுக்கும் முன் ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

பாய்க்கு எடுக்கும் கோரையில் பேனா செய்யலாமா? – பத்தமடை, ஒன்பதாம் வகுப்பு மாணவன்

கோரை ஆகாது, தம்பி. உள்ளே பஞ்சு போல இருக்கும், முனை நிற்காது. நாணல் வேண்டும், இல்லையென்றால் மெல்லிய மூங்கில். நன்றாகக் காயவிடு. சுண்டுவிரல் கனத்தில் ஒரு சாண் நறுக்கி, முனையைச் சரிவாகச் சீவி, நடுவில் ஒரு கீறல் போட்டு, கடைசியில் முனையைச் சாய்வாக வெட்டு. கத்தி வேலையின்போது வாப்பா பக்கத்தில் இருக்கட்டும். விளக்குக் கரியும் கருவேலம் பிசினும் சேர்த்து நல்ல மை செய்யலாம். மைக்கூட்டில் கொஞ்சம் பட்டு நூலைப் போட்டு வை, பேனா அளவுக்கு மேல் மை குடிக்காது.

எழுத்துக்கு உடனே போகாதே. ஒரு மாதம் புள்ளி மட்டும் வை. நாலு பக்கமும் கூர்மையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று விழ வேண்டும். அப்படி ஒரு தாள் நிறைந்ததும் எனக்கு அனுப்பு. அலிஃபை நான் எழுதி அனுப்புகிறேன்.