ஏறிவிட்டால் பொருந்திவிட்டதா? ரிம் கேள்விகளும் பதில்களும்

ஆண்டிறுதிப் போனஸ் கைக்கு வந்ததும் சிங்கப்பூரில் நம் ஆட்களுக்கு முதலில் கண்ணில் படுவது காரின் சக்கரம்தான். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஸ்போர்ட்ஸ் ரிம் (டயரைத் தாங்கும் உலோகச் சக்கரம்) பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, என் பழைய ஹோண்டா சிவிக்குக்கு 17 அங்குல ரிம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஐந்து ஓட்டை, பிசிடி (ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ., எல்லாம் சரி. கடைக்காரர் "ஏறும் பாஸ், கவலைப்படாதீங்க" என்கிறார். வாங்கிவிடலாமா? (ஈசூன்)

அதே வாக்கியத்தை நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தேன். என்னிடமும் சிவிக் இருந்தது. கம்பெனி ரிம் 16 அங்குலம், 6.5 ஜே (அதாவது 6.5 அங்குல) அகலம், ஆஃப்செட் ஈடி 45. கடையில் மாட்டிவிட்டது 17 அங்குலம், 8 ஜே, ஈடி 35. போல்ட் ஐந்தும் பதமாக உட்கார்ந்தன. பார்க்கவும் அம்சமாக இருந்தது. அந்த வாரமே அப்பா, அம்மா, சித்தப்பா மூவரையும் பின்னால் உட்கார வைத்து வீவக (அரசு அடுக்குமாடி) பலமாடிக் கார் நிறுத்துமிடத்திலிருந்து இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் வேகத்தடையில் 'கர்ர்ர்' என்று சத்தம். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போய்த் திரும்பி வந்து பார்த்தால், பின் டயரின் தோள்பட்டையை மட்கார்ட் விளிம்பு கத்தி வைத்தது போலச் சீவியிருந்தது.

காரணம் வெறும் கூட்டல் கழித்தல்தான். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். என் காரில் அகலம் ஒன்றரை அங்குலம் கூடியது. அதில் பாதி, அதாவது 19 மி.மீ., வெளிப்பக்கம் சேர்ந்தது. ஆஃப்செட் 10 குறைந்ததால் இன்னொரு 10 மி.மீ. ஆக மொத்தம் 29 மி.மீ. வெளியே. உள்பக்கமும் 9 மி.மீ. நெருங்கியிருந்தது. இந்தக் கணக்கைக் கடைக்காரரும் போடவில்லை, நானும் போடவில்லை.

நீங்கள் போட்டுப் பாருங்கள். 7.5 ஜே, ஈடி 45 எடுத்தால் இரு பக்கமும் 12.7 மி.மீ. கூடும். அந்த இடம் உங்கள் காரில் இருக்கிறதா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு போல ஒரு நூலில் நட்டைக் கட்டி மட்கார்ட் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் வெளிச்சுவருக்கும் இடையே எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே, டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையே உள்ளதையும் குறியுங்கள். மாற்றத்துக்குப் பிறகு உள்பக்கம் 5 மி.மீ. கூட மிஞ்சாது என்றால் அந்த ரிம்மை மறந்துவிடுங்கள். டயர் 215/45 ஆர்17 (அகலம் 215 மி.மீ., சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, ரிம் 17 அங்குலம்) போதும்.

மாட்டிய பிறகு கடை வாசலிலேயே பின்னிருக்கையில் இரண்டு பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒரு வேகத்தடை மேல் ஏற்றி இறக்குங்கள். பணம் அதற்குப் பிறகு.

டொயோட்டா கார். புதிய ரிம் போட்டதிலிருந்து ஸ்டியரிங் நடுங்குகிறது. இங்கே ஓட்டும்போது லேசாகத்தான் தெரிகிறது, மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110ல் போனால் கை மரத்துப்போகிறது. மூன்று முறை பேலன்சிங் செய்தாகிவிட்டது. (தெம்பனிஸ்)

நான்காவது முறை பேலன்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி நடு ஓட்டையைப் பாருங்கள். ஐந்து போல்ட் கொண்ட பல டொயோட்டா கார்களில் ஹப்பின் நடு வட்டம் 60.1 மி.மீ. கார் கம்பெனி அல்லாத வெளி ரிம் தயாரிப்பாளர்கள் எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று 73.1 போலப் பெரிதாகக் குடைந்து விடுவார்கள். இடையில் 13 மி.மீ. காற்று! சக்கரத்தை நடுவில் பிடித்து வைக்க நட்டுகள் மட்டும்தான். அவை இறுகும்போது மயிரிழை விலகினாலும் போதும், வேகத்தில் அதிரும். பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தை நடு ஓட்டை வழியாகப் பிடிப்பதால் அங்கே எல்லாம் சுத்தமாகத்தான் காட்டும்.

வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 60.1 கொண்ட ஹப் வளையம் நான்கு வாங்கிப் போடுங்கள். பிளாஸ்டிக்கும் உண்டு, அலுமினியமும் உண்டு. அடிக்கடி மலையிறங்குபவர், பிரேக்கை அதிகம் சூடாக்குபவர் என்றால் அலுமினியம் நல்லது. வளையம் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கிறதா என்று சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோண்டா சிவிக்குக்கு இந்த அளவு 64.1, மாஸ்டா 3க்கு 67.1, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபுக்கு 57.1. இவற்றையும் கேட்டிருந்தீர்கள்.

புதிய ரிம்முக்குப் பழைய நட்டையே போடலாமா? (பிடோக்)

பெரும்பாலும் கூடாது. ஹோண்டாவின் சொந்த நட்டு உருண்டை முகம் கொண்டது. டொயோட்டாவின் அலாய் ரிம் நட்டுகளில் தட்டை வாஷர் வைத்த வகை உண்டு. வெளி ரிம்கள் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உருண்டையைக் கூம்புக்குள் வைத்தால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தொடும். முதல் நாள் இறுக்கமாகத்தான் இருக்கும். ஓடஓடத் தளரலாம்.

மரையும் பாருங்கள். டொயோட்டா, ஹோண்டா, மாஸ்டாவின் வழக்கமான கார்களில் எம்12×1.5 (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ.). நிசான், சுபாரு, சுசூக்கி என்றால் 1.25. தவறானதைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஏற்றிவிட்டால் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டும் மரைத்தண்டு) நாசம். கடைசி இறுக்கம் டார்க் ஸ்பேனரில்தான் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்): டொயோட்டா 103, ஹோண்டா 108 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை சோதியுங்கள். ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ மாட்டியிருந்தால் அந்தப் பக்கம் சாப்பிடப் போகும்போது நிறுத்திக் கேளுங்கள், இதற்கு யாரும் காசு வாங்க மாட்டார்கள்.

என் கார் டயர் 205/55 ஆர்16. 18 அங்குல ரிம்முக்கு 225/45 மலிவாகக் கிடைக்கிறது என்கிறார் டயர்க்காரர். நண்பன் 225/40 போடு என்கிறான். ஐந்து எண்ணில் என்ன வந்துவிடப்போகிறது? (புக்கிட் பாத்தோக்)

நண்பன் சொல்வதுதான் சரி. 205/55 ஆர்16இன் மொத்த உயரம் 632 மி.மீ. 225/40 ஆர்18 போட்டால் 637, ஒரு விழுக்காடுகூட மாறவில்லை. 225/45 ஆர்18 என்றால் 660. நாலரை விழுக்காட்டுக்கு நெருக்கம். சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. முன்பு மீட்டர் 90 காட்டியபோது போன வேகத்தைவிட இப்போது சுமார் 4 கிலோமீட்டர் கூடுதலாகப் போவீர்கள். மீட்டர்கள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கப்படுவதால் தப்பிக்கலாம், ஆனால் கேமரா முன்னால் அந்தச் சலுகையைச் செலவழிக்க வேண்டுமா? அதோடு, உயரமான டயர் ஸ்டியரிங் திருப்பும்போது உள் பிளாஸ்டிக்கை உரசும்.

எனக்கு 18 அங்குலமே பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலமாடி நிறுத்துமிடத்தின் வளைவுச் சுவரோரம் ஒருமுறை தடவினால் போதும், ரிம்மின் உதடு போய்விடும். 17இல் டயர்ச் சுவர் கொஞ்சமாவது முன்னால் துருத்திக் காக்கும்.

பழைய பிஎம்டபிள்யூவின் ரிம்கள் வீட்டில் சும்மா கிடக்கின்றன. இப்போது வைத்திருப்பது புதிய ஜி20. மாட்டலாமா? (செங்காங்)

முடியாது. முந்தைய 3 சீரிஸான எஃப்30 வரை 5×120 (ஐந்து ஓட்டை, பிசிடி 120). ஜி20இல் 5×112 ஆக மாற்றிவிட்டார்கள், நடு ஓட்டையும் 72.6இலிருந்து 66.6 ஆகிவிட்டது. அசையும் தலை போல்ட் வைத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டையும் 4 மி.மீ. தள்ளி நிற்கிறது. விற்றுவிடுங்கள்.

உள்ளே உரசுகிறது, ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் தட்டு வைத்தால் சரியாகுமா? (ஹவ்காங்)

உரசல் போகலாம். அதன்பின் நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று கையால் எண்ணுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டுக்குக் குறைந்தது 12 மி.மீ. மரையாவது பிடிக்க வேண்டும், 1.5 மரையில் அது 8 சுற்று. ஆறிலேயே முட்டினால் நீள ஸ்டட் போடாமல் ஓட்டாதீர்கள். சரியான ஆஃப்செட் ரிம்மை வாங்கியிருந்தால் இந்தச் செலவே இல்லை.

புகழ்பெற்ற ஜப்பானிய ரிம்மின் அதே டிசைன், விலை கால்வாசி. வாங்கலாமா? ஜோகூரில் இன்னும் மலிவாம். (பொங்கோல்)

வடிவத்தை எளிதாக நகலெடுக்கலாம். எடையையும் வலிமையையும் நகலெடுப்பதுதான் கடினம். ஜப்பானின் ரேஸ் (Rays) நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டிஇ37இன் பெயரிலேயே அதன் எடை இருக்கிறது: 15 அங்குல, 6 ஜே அளவு 3.7 கிலோ. அழுத்தி வார்க்காமல் அடித்து உருவாக்கிய உலோகத்தால் அது முடிந்தது. அதே முகத்தோடு வரும் மலிவு வார்ப்பு ரிம் பல கிலோ கூடுதலாக இருக்கும், குழியில் விழுந்தால் வளையாமல் வெடிக்கவும் செய்யும்.

நகல் என்பதற்காக எல்லாமே ஆபத்து என்றும் சொல்லமாட்டேன். ஆரத்தின் பின்புறமோ உட்சுவரிலோ ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் வார்ப்பிலேயே இருக்கின்றனவா, சுமை எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் வேண்டாம். பழைய ரிம் என்றால் உட்புறத்தைத் துடைத்துவிட்டு விரலால் ஒரு சுற்று தடவுங்கள். பற்றவைத்த மேடு தட்டுப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டயரோடு தருகிறார்கள் என்றால் பக்கச்சுவரின் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

ஜோகூரில் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாலும் அது இறக்குமதிதான். 48 மணி நேரத்துக்குள் திரும்புபவருக்கு வரிச்சலுகை 100 வெள்ளி வரைதான், வேலை அனுமதிச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மிச்சத்துக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அதையும் சேர்த்து விலையைப் பாருங்கள்.

பிஒய்டி அட்டோ 3 வாங்கியிருக்கிறேன். மின்காருக்குத் தனி ரிம் வேண்டுமா? (ஜூரோங் வெஸ்ட்)

தனி ரிம் தேவையில்லை, ஆனால் சுமையைப் பாருங்கள். உங்கள் கார் வெறுமனே 1,750 கிலோ. பழைய செடானுக்கு வார்த்த ரிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு போடமுடியாது. கதவோரத் தகட்டில் அல்லது கையேட்டில் ஒவ்வொரு அச்சும் தாங்கும் அதிகபட்ச எடை இருக்கும். அதில் பாதி, ரிம்மில் பொறித்த எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். டயருக்கும் அதே கண்டிப்பு: சுமைக்குறியீடு 91 என்றால் 615 கிலோ, 95 என்றால் 690. கம்பெனி போட்டதைவிடக் கீழே இறங்காதீர்கள். பழைய டயருக்குள் இருக்கும் காற்றழுத்த உணரியையும் கேட்டு வாங்கி மாற்றிப் போடச் சொல்லுங்கள். அகலமும் எடையும் கூடினால் ஒரு முறை சார்ஜில் போகும் தூரம் குறையும்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பயணிகள் பார்க்க ஸ்டைலாக இருக்கட்டும் என்று 18 போடலாமா? (உட்லண்ட்ஸ்)

கார் உங்களுடையதா, வாடகையா? வாடகை என்றால் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். சொந்தக் கார் என்றாலும் பயணி பார்ப்பது இருக்கையையும் ஏர்கானையும்தான். 16லேயே இருங்கள்.

ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா? பழைய ரிம்மை வைத்திருக்க வேண்டுமா? மனைவி வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார். (புக்கிட் பாஞ்சாங்)

நிலப் போக்குவரத்து ஆணையம் முக்கியமாகப் பார்ப்பது ரிம்மும் டயரும் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டுகிறதா என்பதைத்தான். கார் 3 ஆண்டு கடந்ததும் 2 ஆண்டுக்கு ஒருமுறை, 10 ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகவேண்டும். அங்கே நீட்டலும் தெரியும், 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரும் தெரியும்.

பழையதைக் கட்டாயம் வையுங்கள். காரை விற்கும் நாளில் அதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தனியாக விற்கலாம். டயரைக் கழற்றிவிட்டால் 16 அங்குல ரிம் நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக முக்கால் மீட்டர் உயரம்தான், இடையில் அட்டை வைத்து வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டர் (வெடிகுண்டுக் காப்பறை) மூலையில் அடுக்கலாம். வெளி நடைபாதையில் மட்டும் வைக்காதீர்கள், நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும். மனைவியிடம் பேசுவது உங்கள் பாடு.