கட்டைவிரல் வலியும் கல்லீரல்ல தூங்கிப்போன ஒரு ஜீனும்

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயசு. போன மாசம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரல் நெருப்பு வச்ச மாதிரி வலிச்சு முழிச்சுக்கிட்டேன், செவந்து வீங்கிப்போய் போர்வை பட்டாகூட உயிர் போச்சு. அப்புறம் டெஸ்ட் எடுத்ததுல யூரிக் ஆசிட் 8.2. ரெண்டு வருஷமா பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை போடறேன். கிட்னி நார்மல், கல்லு இல்ல. நான் குடிக்கறதில்ல, கறி மாசத்துக்கு ஒரு தடவைதான். பருப்பு, தக்காளி, கீரை எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. குரங்குக்கு எல்லாம் இந்தப் பிரச்சினையே கிடையாது, அதுக்கு ஒரு ஜீன் இருக்குன்னு காலேஜ் படிக்கிற பையன் சொல்றான். நிஜமா? அந்த ஜீனை நமக்கு ஊசியா போட முடியாதா?

பதில்: முதல்ல பருப்பை அடுப்புல ஏத்தச் சொல்லுங்க, மத்ததை அப்புறம் பேசுவோம். கறி, ஈரல், நெத்திலி மாதிரி மீன், பீர் இதெல்லாம் யூரிக் ஆசிட்டை ஏத்தும், ஆனா பருப்பு, கீரை சாப்பிடறவங்களுக்கு கவுட் (யூரிக் ஆசிட் படிகம் மூட்டுல ஒதுங்கி வர்ற இந்த வலிதான்) அதிகமா வர்றதா பெரிய ஆய்வுகள்ல தெரியல, பால் தயிர் சேர்த்துக்கறது நல்லதும்கூட.

உங்க பையன் சொன்னது சரி, ஆனா "குரங்கு"ன்னு பொதுவா சொல்லிட்டாரு, அங்கதான் கதையே இருக்கு. உடம்புல பழைய செல் உடையறப்பவும், சாப்பாட்டுல இருந்தும் பியூரின்னு ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும், அது கடைசியில யூரிக் ஆசிட்டா மாறும். எலி, மாடு, நம்ம தெருவுல சுத்தற நாட்டுக் குரங்கு, இதுங்களுக்கெல்லாம் கல்லீரல்ல யூரிகேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது யூரிக் ஆசிட்டை உடைக்க ஆரம்பிச்சு வைக்கும், கடைசியில தண்ணியில சுலபமா கரையற அலன்டாயினா மாறி மூத்திரத்துல போயிடும். எலியோட கல்லீரல் செல்லை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்த்தா பெராக்ஸிசோம்னு குட்டிக்குட்டிப் பைகள் தெரியும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கட்டி மாதிரி ஒரு கறுப்பு மையம், அந்த மையமே யூரிகேஸ்தான். மனுஷனோட கல்லீரல்லயும் அதே பைகள் இருக்கு, நடுவுல அந்த மையம் மட்டும் இருக்காது. படிக்கிற காலத்துல ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கல.

ஜீன் காணாம போகல. நம்ம ஒண்ணாம் குரோமோசோம்ல இன்னும் உட்கார்ந்துதான் இருக்கு, ஆனா 33-வது இடத்துல சி.ஜி.ஏ னு இருக்க வேண்டிய டி.என்.ஏ மூணெழுத்து டி.ஜி.ஏ ஆயிடுச்சு, அதுக்கு அர்த்தம் "இங்கயே நிறுத்து". என்சைமை செய்ய முன்னூறு அமினோ அமிலத்துக்கு மேல கோக்க வேண்டிய சங்கிலி முப்பத்திரண்டோட அறுந்துடுது. சிம்பன்ஸி, கொரில்லா, உராங்குட்டானுக்கும் அச்சு அசலா இதே இடத்துல இதே தப்பு, அதனால நம்ம எல்லாருக்கும் பொதுவான ஒரு மூதாதை காலத்துல, சுமார் ஒன்றரை கோடி வருஷத்துக்கு முன்னாடி இது நடந்திருக்கணும்னு கணக்குப் போடறாங்க. கிப்பன்னு சொல்ற சின்ன வாலில்லாக் குரங்குக்கும் இந்த என்சைம் இல்ல, ஆனா அதுக்கு ஜீன் உடைஞ்சது வேற இடத்துல, தனியா.

இது ஒரே நாள்ல ஆனதும் இல்ல. 2014-ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்து ஆளுங்க பழைய மூதாதைகளோட யூரிகேஸ் எப்படி இருந்திருக்கும்னு கணிச்சு லேப்ல செஞ்சே பார்த்தாங்க, முழுசா உடையறதுக்கு முன்னாடியே அது படிப்படியா மந்தமாகிட்டு வந்திருக்கு. அப்படி மெதுவா போனதுதான் நமக்கு நல்லதா போச்சுன்னு நினைக்கிறேன், ஏன்னா 1994-ல எலிக்கு இந்த ஜீனை திடீர்னு அணைச்சுப் பார்த்தப்ப பாதிக்கு மேல நாலு வாரத்துக்குள்ள செத்துப்போச்சு, கிட்னி பூரா யூரிக் ஆசிட் படிகம். எதுக்கு இந்த ஜீன் போச்சுன்னு கேட்டா, பழத்துச் சர்க்கரையை கொழுப்பா சேர்த்து வைக்க யூரிக் ஆசிட் உதவியிருக்கும், பஞ்சத்துல அது காப்பாத்தியிருக்கும்னு ஒரு கருத்து இருக்கு. சுவாரஸ்யமான ஊகம், அவ்வளவுதான்.

சரி, எல்லாருக்கும் ஜீன் உடைஞ்சிருக்குன்னா உங்களுக்கு மட்டும் ஏன் கட்டைவிரல் வீங்குச்சு? இங்க கல்லீரலை விட்டுட்டு கிட்னிக்கு வாங்க. கிட்னி யூரிக் ஆசிட்டை வடிகட்டுது, ஆனா வடிகட்டினதுல கிட்டத்தட்ட 90 சதவீதத்தை திரும்பவும் ரத்தத்துக்கே இழுத்துக்குது. ரத்தத்துல 6.8-ஐ தாண்டினா அது கரையாம படிகமா ஒதுங்கலாம், உடம்புல சில்லுனு இருக்கற மூட்டு கால் கட்டைவிரல், அங்க ஒதுங்கும். இந்த இழுக்கற வேகம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதைக் கூட்டி விடறதுல ஒரு மாத்திரையும் இருக்கு, உங்க கேள்வியிலேயே பேரு எழுதியிருக்கீங்க: ஹைட்ரோகுளோரோதயசைடு. மூத்திரம் போக வைக்கிற மாத்திரைதான், ஆனா யூரிக் ஆசிட்டை உள்ளயே நிறுத்திடும். பருப்பையும் தக்காளியையும் சந்தேகப்பட்டு, பாக்கெட்ல இருந்த ஆளை விட்டுட்டீங்க! அதுக்காக நாளைக்கே நீங்களா நிறுத்தாதீங்க, பிரஷர் ஏறிடும். பார்க்கற டாக்டர்கிட்ட அட்டையையும் ரிப்போர்ட்டையும் காட்டி மாத்த முடியுமான்னு கேளுங்க, லோசார்டன் மாதிரி யூரிக் ஆசிட்டை கொஞ்சம் இறக்கற பிரஷர் மாத்திரையும் இருக்கு.

ஊசி விஷயம். இருக்கு. பெக்லோடிகேஸ்னு பேரு, பன்னியோட யூரிகேஸ்ல பபூன் குரங்கோட கொஞ்சம் பகுதியைக் கலந்து செஞ்சது, அமெரிக்காவுல 2010-ல அனுமதி கிடைச்சுது. ஜீனைப் போடறது இல்ல, என்சைமை டிரிப்ஸ்ல ஏத்தறது. வேற எந்த மருந்துக்கும் அடங்காத கவுட்டுக்குத்தான், விலையும் ஜாஸ்தி, அலர்ஜி வர்ற பயமும் உண்டு, நிறைய பேருக்கு உடம்பே அதை எதிர்த்து செயலிழக்க வச்சிடும். ஒரே ஒரு தடவை வலி வந்த உங்களுக்கு இது தேவையே இல்ல.

உங்களுக்கு இப்பவே யூரிக் ஆசிட்டைக் குறைக்கற தினசரி மாத்திரையான அலோபியூரினால்கூட அவசியம்னு சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ வந்தா, இல்ல மூட்டுல முடிச்சு விழுந்தா ஆரம்பிக்கலாம், 100 மில்லிகிராம்ல தொடங்கி யூரிக் ஆசிட் அளவு 6-க்குக் கீழ வர்ற வரைக்கும் மெல்ல ஏத்துவாங்க. ஆரம்பிச்ச மாசங்கள்ல தோல்ல தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. கூல் டிரிங்க்ஸையும் பாக்கெட் ஜூஸையும் விட்டுடுங்க, தண்ணி நல்லா குடிங்க. மறுபடி ராத்திரி வலி வந்தா காலை உயர்த்தி வச்சு ஐஸ் ஒத்தடம் கொடுங்க, மெடிக்கல்ல கேட்டு கைக்கு வந்த வலி மாத்திரையை போட்டுடாதீங்க, பிரஷர் இருக்கறவங்களுக்கு கிட்னியைப் பார்த்துத்தான் எது சரின்னு சொல்லணும். அன்னிக்கு எடுக்கற யூரிக் ஆசிட் டெஸ்ட் நார்மலா வரலாம், வலி இருக்கறப்ப அளவு இறங்கிடறது உண்டு, அதனால ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க.