தோப்பை விற்கும் முன் கம்ப்ரசரைப் பாருங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) பூட்டிக் கிடக்கும் நாலு அறை விடுதியும், சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் முங்க வைக்கும் ஸ்கூபா கடையும் விலைக்கு வருகிறது, ஊத்தங்கரை மாந்தோப்பை விற்று வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் காவேரிப்பட்டணத்துக்காரன். அந்தத் தீவில் ஒரு டைவிங் கடையில் மூன்று சீசன் வேலை பார்த்தவன்.

அறைகளை விடுங்கள், வெள்ளையடித்தால் தேறிவிடும். கடையின் உயிர், சிலிண்டரில் காற்றை அடைக்கும் கம்ப்ரசரில்தான். ஓடவிட்டு, வரும் காற்றை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் ஃபில்டர் போச்சு. காற்று இழுக்கும் குழாய் ஜெனரேட்டர் புகைப் பக்கம் இருக்கவே கூடாது. புகையில் இருக்கும் விஷவாயு கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, துணியிலும் தெரியாது. ஆழம் போகப் போக அது இன்னும் மோசம். அதனால் காற்றைத் தனியாகச் சோதிக்கக் கொடுங்கள்.

சிலிண்டர் தோளில் கடைசி நீரழுத்தச் சோதனைத் தேதி பொறித்திருக்கும். காற்றை முழுக்க இறக்கியபின், விவரம் தெரிந்தவரை வைத்து வால்வைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் முதலாளி இருபது என்று எண்ணி வாங்கினார், தேறியது பதினொன்று. ஒன்றைக் கவிழ்த்ததும் அரை டம்ளர் உப்புத்தண்ணீர் கொட்டியது!

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. படகு பல நாள் போகாது, சம்பளம் மட்டும் போகும். அப்புறம், நிலம் யார் பெயரில் என்று வக்கீலை வைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் தோப்பைக் குத்தகைக்குத்தானே முதலில் எடுப்போம்? அதேபோல் அக்டோபர் முதல் மே வரை ஒரு சீசன் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் ஏன் என்று விசாரியுங்கள்.