ஆள் போன பிறகும் பில் குறையவில்லையா?

கேள்வி: எங்கள் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலையை விட்டுப்போன நான்கு பேரின் மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளைப் போன வாரம் நீக்கினேன். பில் குறையவே இல்லையே, ஏன்?
- வாசகி, திருப்பூர்

பதில்: கணக்கை நீக்கினால் லைசென்ஸ் அந்த ஆளிடமிருந்து விடுபடும், அவ்வளவுதான். நீங்கள் வாங்கிய எண்ணிக்கை அப்படியே நிற்கும். பணம் போவது அதற்குத்தான். அட்மின் சென்டரின் பில்லிங் பகுதியில் அதைத் தனியாகக் குறைக்க வேண்டும். ஆண்டுச் சந்தா என்றால் வாங்கிய அல்லது புதுப்பித்த 7 நாட்களுக்குள்தான் குறைக்க முடியும். அது தாண்டிவிட்டால், புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த லைசென்ஸையே கொடுங்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை அவர்களுடைய மெயில்தான். பையர்களோடு பேசிய ஆர்டர் விவரம், விலை, மாற்றங்கள் எல்லாம் அதில்தானே இருக்கும்! நீக்கிய கணக்கை 30 நாட்களுக்குள் மீட்கலாம். அப்புறம் போனது போனதுதான். அதனால் இன்றைக்கே மீட்டு, லைசென்ஸ் கொடுத்து, ஷேர்டு மெயில்பாக்ஸாக (அலுவலகத்தில் பலரும் திறந்து பார்க்கக்கூடிய பொது மெயில் பெட்டியாக) மாற்றுங்கள். 50 ஜிபிக்குள் இருந்தால் அதற்கு லைசென்ஸ் வேண்டாம், எடுத்துவிடலாம். ஆனால் கணக்கை மறுபடி நீக்காதீர்கள், மெயில்பாக்ஸ் அதை நம்பித்தான் இருக்கிறது. அவர்கள் உள்நுழைவதை மட்டும் தடுத்துவிடுங்கள்.