ஏஜன்டிடம் கொடுத்த பெயர்கள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு ஆண்டுகளாக வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. இந்தக் கடிதம் இலக்கியம் பற்றியதும் இல்லை. நீங்கள் பல ஆண்டுகள் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர் என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூருக்கு வந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. நிரந்தரவாசி. சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் துறை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கம்பெனி வேலையை விட்டு, தனியாகக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். சென்ற ஆண்டு ஓர் ஏஜன்ட் கூப்பிட்டார். தமிழர். முதல் பேச்சிலேயே "அண்ணே" என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றார். எனக்கும் அந்தப் பக்கம்தான். சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கியில் எட்டு மாத வேலை இருக்கிறது என்றார். சிவி கேட்டார், அனுப்பினேன். ரெஃபரன்ஸுக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார். பழைய மேனேஜர்கள் இருவரின் பெயரும் எண்ணும் கொடுத்தேன். அடையாள அட்டையின் படமும் கேட்டார், அதையும் அனுப்பினேன். பிறகு மூன்று வாரம் பேச்சில்லை. அதே வேலைக்கு இன்னோர் ஏஜன்சி கூப்பிட்டபோது சரி என்றுவிட்டேன். ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கிறது என்று சொல்லி வங்கி இரண்டையுமே தள்ளிவிட்டது.

பிறகு அதே ஏஜன்ட் வேறோர் இடத்துக்கு அனுப்பினார். இன்டர்வியூவில் அவர்கள் கையில் இருந்த சிவியில், நான் தொட்டே பார்க்காத ஒரு மென்பொருளில் எனக்கு நான்கு ஆண்டு அனுபவம் என்று இருந்தது. கூசிப் போனேன். உண்மையைச் சொன்னேன். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு மாதம் வேலை செய்தேன். வேலை முடிந்து ஐந்து மாதம் ஆகப் போகிறது. கடைசி இரண்டு மாதத்துக்கான 14,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இன்னும் வரவில்லை. கேட்டால், "கிளையன்ட் இன்னும் குடுக்கலண்ணே, வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான்" என்கிறார். நான் பெயர் கொடுத்த மேனேஜர்களில் ஒருவர் இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை. போனது போகட்டும் விடுங்கள் என்கிறாள் மனைவி.

ஏஜன்ட் என்றாலே இப்படித்தானா? இவர்கள் இல்லாமல் இந்த ஊரில் கான்ட்ராக்ட் கிடைக்காதா?

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி களைத்துப்போய்ச் சொல்கிறார். அந்தக் களைப்பை நானும் பட்டிருக்கிறேன். ஆனாலும் இந்தப் பணத்தை விடாதீர்கள். இந்த வாரமே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருப்பதால் முதலில் பணத்தைப் பேசிவிடுகிறேன்.

ஏஜன்சியோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நீங்கள் அவர்களுடைய ஊழியரா, அல்லது அவர்களுக்குச் சேவை விற்ற தனி ஆளா? ஊழியர் என்றால் மத்திய சேம நிதி கட்டியிருப்பார்கள், விடுப்பு கொடுத்திருப்பார்கள். தனி ஆள் என்றால் நீங்கள் இன்வாய்ஸ் அனுப்பியிருப்பீர்கள், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பையும் நீங்களே கட்டியிருப்பீர்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவது என்றுதான் படுகிறது. ஆனால் தாளின் தலைப்பை மட்டும் பார்த்து இதை முடிவு செய்வதில்லை. உங்கள் வேலை நேரத்தை யார் வைத்தார்கள், யார் மேற்பார்த்தார்கள், லாப நஷ்டம் யாருடையது என்பதையும் பார்ப்பார்கள்.

இதை இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், காலக்கெடு இதைப் பொறுத்தது. ஊழியர் என்றால் சம்பளப் பாக்கிக் கோரிக்கையை, வேலையின் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் டாடெமில், அதாவது வேலைத் தகராறுகளுக்குச் சமரசம் பேசும் முத்தரப்பு அமைப்பில், பதிவு செய்தாக வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது. தனி ஆள் என்றால் சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளைம்ஸ் மன்றம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. உங்கள் தொகை அதற்குள் அடங்கிவிடுகிறது. வக்கீல் வைக்க முடியாது, அவர்களுக்கும் அதே விதிதான். எனவே பெரிய ஏஜன்சி, பெரிய வக்கீல் என்று பயப்பட ஒன்றுமில்லை. மனுவை இணையத்திலேயே போடலாம். சுயதொழில் செய்பவர்களின் பணத் தகராறுகளுக்கும் டாடெம் சமரசம் பேச உதவுகிறது. ஆகவே நீங்கள் எந்த வகை என்ற குழப்பத்திலேயே நாளைக் கடத்தாமல் முதலில் அவர்களிடம் போங்கள், ஆறு மாதம் முடிவதற்குள்.

போகும்போது கிளையன்ட் கையெழுத்திட்ட டைம்ஷீட்டுகள், இன்வாய்ஸ்கள், முதல் இரண்டு மாதப் பணம் வங்கியில் விழுந்ததற்கான கணக்கு, "வந்ததும் உங்களுக்குத்தான்" என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். அவர் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு வெள்ளி, எந்தத் தேதிக்குள் வேண்டும். மறுத்து எழுதாமல் "பாக்குறேண்ணே" என்று பதில் போட்டால் அதையும் கோப்பில் சேருங்கள். கோரிக்கை ஏஜன்சியின் மேல்தான். நீங்கள் வேலை செய்த கம்பெனியின் மேல் அல்ல, நீங்கள் ஒப்பந்தம் போட்டது ஏஜன்சியோடு.

கிளையன்ட் கொடுத்த பிறகுதான் தருவோம் என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது அவருடைய சாக்கு மட்டும். இருந்தாலும் மனுவைப் போடுங்கள், மன்றம் பார்க்கட்டும். ஆனால் இனிமேல் அந்த வரியோடு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்வாய்ஸ் கொடுத்து 30 நாளில் பணம் என்று மாற்றச் சொல்லுங்கள். நல்ல ஏஜன்சி மாற்றும். ஏஜன்சி நடுவில் நின்று மார்ஜின் எடுப்பதே இந்தச் சுமையைத் தூக்குவதற்காகத்தான். சுமை நமக்கு, மார்ஜின் அவர்களுக்கு என்றால் அது கணக்கே இல்லை. இன்னொன்று: அந்தக் கெடுவுக்குள் பணம் வரவில்லை என்றால் அப்போதே வேலையை நிறுத்தும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் பணத்தைவிட என்னை அதிகம் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் ஏஜன்டை வேலை வைத்திருப்பவர் என்று நினைத்துப் பேசுகிறோம். பல நேரம் அவர் கையில் வேலையே இருக்காது. அவர் தேடுவது தகவல். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே முடிவெடுக்கும் மேனேஜர் யார், அவருடைய நேரடி எண் என்ன என்பதெல்லாம் அவருக்குச் சரக்கு. அந்தச் சரக்கை விலையில்லாமல் கொடுப்பவர் வேலை தேடும் ஆள். ரெஃபரன்ஸ் என்று அவர் முதல் பேச்சிலேயே கேட்பது பெரும்பாலும் உங்களைப் பற்றி விசாரிக்க அல்ல. அந்த மேனேஜரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஆள் வேண்டுமா?" என்று கேட்கத்தான்.

எனக்கும் இது நடந்தது. 2009-இல், வேலைகள் வறண்டுகிடந்த நேரம். தஞ்சோங் பகாரில் ஒரு காப்பிக் கடையில் ஏஜன்ட் ஒருவரைச் சந்தித்தேன். மிக மரியாதையானவர். "வேறு எங்கெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? அங்கேயே நானும் உங்களை அனுப்பி இரட்டிப்பாகிவிடக் கூடாதே" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் தோன்றியது. இரண்டு இடம் சொன்னேன். யாரைப் பார்த்தேன் என்றும் சொன்னேன். அடுத்த வாரம் அந்த இரண்டு இடத்துக்கும், என்னைவிடக் குறைந்த ரேட்டில், அவர் வேறு ஆட்களை அனுப்பியிருந்தார். ரெஃபரன்ஸாக என்னை வளர்த்த ஒரு சீன மேனேஜரின் பெயரையும் கொடுத்திருந்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். என் தப்புகளைத் தன் தப்பாகச் சொல்லி மேலிடத்தில் என்னைக் காப்பாற்றியவர். அவருக்கு அந்த ஏஜன்சியிலிருந்து மாதக்கணக்கில் அழைப்பு போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் என் பெயரைச் சொல்லி. எனக்கு அது தெரியாது. அவர் என் செய்திகளுக்குப் பதில் போடுவதை நிறுத்தியபோது, வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து ரெஃபரன்ஸ் பெயர்களை, கிளையன்ட் நேரில் பேசி, வேலை தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் கொடுப்பேன். அதையும் கிளையன்டிடமே கொடுப்பேன். அதற்கு முன்பே வேண்டும் என்று அடம்பிடித்த ஏஜன்டுகளிடம் வேலை இல்லை என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் கண்டேன்.

உங்கள் அடையாள அட்டை விஷயமும் இதே போலத்தான். சட்டம் கட்டாயப்படுத்தாத, அடையாளத்தை உறுதியாக நிறுவ அவசியமும் இல்லாத இடத்தில் அந்த எண்ணையோ படியையோ நிறுவனங்கள் வாங்கக் கூடாது என்ற நெறி 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே இருக்கிறது. வேலை உறுதியாகும் முன் ஓர் ஏஜன்டுக்கு அது தேவையில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்களுக்கு இன்னோர் உரிமையும் உண்டு. உங்கள் தகவலைக் கடந்த ஓராண்டில் எப்படிப் பயன்படுத்தினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று அந்த ஏஜன்சியிடம் எழுத்தில் கேட்கலாம். கேளுங்கள். சிவி எங்கெல்லாம் போனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

சிவியைத் திருத்தியது சாதாரண விஷயமில்லை. பொய் அவருடையது, மேலே இருப்பது உங்கள் பெயர். இன்டர்வியூவில் நீங்கள் உண்மையைச் சொன்னதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இனி, எந்த ஏஜன்டும் அனுப்புவதற்கு முன் அவர்களுடைய வடிவத்தில் தயாரித்த சிவியை உங்களுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அதோடு ஒரு மின்னஞ்சல்: இன்ன கம்பெனி, இன்ன ரோல், இன்ன ரேட், இத்தனை வாரத்துக்கு மட்டும் என்னை அனுப்ப உங்களுக்கு அனுமதி. கம்பெனியின் பெயரைச் சொல்ல மறுக்கும் ஏஜன்டுக்கு இந்த மின்னஞ்சலே போகாது, சிவியும் போகாது. இதைச் செய்திருந்தால் அந்த வங்கியில் உங்கள் பெயர் இரண்டு முறை போயிருக்காது.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே ஆள் சேர்த்துவிடும் ஏஜன்சிக்கு மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். நம்மோடு பேசுகிற நபருக்கும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். இரண்டையும் அமைச்சின் இணையத்தளத்தில் தேடலாம், ஐந்து நிமிட வேலை. வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கினாலும் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம் என்று வரம்பு உண்டு. நம் துறையில் ஒழுங்கான ஏஜன்சி நம்மிடம் ஒரு காசும் கேட்காது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், இருப்பவரிடம் "ஃபிரீலான்ஸாகச் செய்யலாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஓர் ஏஜன்ட் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பாஸில் பெயர் உள்ள முதலாளிக்கு மட்டும்தான் அவர் வேலை செய்ய முடியும். மாட்டினால் ஏஜன்டுக்கு ஒரு வாடிக்கையாளர் போவார், இவருக்கு இந்த ஊரே போய்விடும்.

"அண்ணே" என்ற சொல் உங்களை உறுத்துகிறது என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிக் களைத்த காதில் ஊர்ப் பேச்சு விழும்போது மனம் இளகத்தான் செய்யும். அது பலவீனமில்லை, தம்பி. அதற்காக வெட்கப்பட வேண்டாம். தமிழில் பேசுங்கள், ஊரை விசாரியுங்கள், காப்பி குடியுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, பேசியதை மின்னஞ்சலாக எழுதிக் கேளுங்கள். உண்மையான சொந்தக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லா ஏஜன்டும் இப்படி இல்லை. ஆறு ஆண்டுகள் ஒரே பெண்மணியின் மூலம்தான் நான் வேலை எடுத்தேன். சிவி அனுப்பிய நாளையும், கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுவார். தன் மார்ஜின் எவ்வளவு என்று கேட்டபோது மறைக்காமல் சொன்னார். பெரிய வங்கிகள் தங்கள் பட்டியலில் உள்ள ஏஜன்சிகள் வழியாகத்தான் கான்ட்ராக்ட் ஆட்களை எடுக்கின்றன, அங்கே நாம் தனியாக நுழைவது கடினம். சிறிய கம்பெனிகளில் நேராகப் பேசலாம். அந்த நேர் வழி முழுக்க, உங்களோடு முன்பு வேலை செய்தவர்கள் உங்களை நினைவு வைத்திருப்பதால் திறப்பது.

அதனால்தான் மனுவைப் போடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்கிறேன். அழைப்பை எடுக்காத அந்த மேனேஜருக்கு ஒரு செய்தி எழுதுங்கள். வேலை கேட்டு அல்ல. "உங்கள் எண்ணை உங்களைக் கேட்காமல் ஓர் ஏஜன்டிடம் கொடுத்துவிட்டேன். அவர் உங்களைத் தொந்தரவு செய்திருந்தால் அது என்னால். மன்னியுங்கள்" என்று மட்டும். நான் என் மேனேஜருக்கு அதை எழுத மூன்று ஆண்டு ஆனது. அன்று மாலையே கூப்பிட்டார். முழுதாக ஒரு மணி நேரம் பேசினோம்.

அன்புடன்,
அக்கா