பரோட்டிட் சுரப்பியின் கதிர்வீச்சு அளவு 31 கிரேயிலிருந்து இறங்கவில்லை என்றால்

வணக்கம். தொண்டைப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைத் திட்டமொன்றில் இடது பரோட்டிட் சுரப்பி (காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) பெறும் சராசரி கதிர்வீச்சு அளவு 31 கிரேயிலேயே (கிரே என்பது கதிர்வீச்சு அளவின் அலகு) நிற்கிறது, இன்னும் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

25 கிரே என்ற பொது வரம்பு இதற்கு விடை தராது; அந்த நோயாளியின் உடலமைப்புதான் தரும். சுரப்பியில் எவ்வளவு பங்கு இலக்குக்குள், அதாவது கதிர்வீச்சு பாய்ச்ச வேண்டிய பகுதிக்குள், விழுகிறது என்று பாருங்கள். பிறகு இலக்கை 5 மி.மீ., 10 மி.மீ. எனச் சுற்றிலும் விரித்து, ஒவ்வொரு முறையும் சுரப்பியில் எத்தனை சதவீதம் மூடப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுதான்.

அடுத்து, உங்கள் துறையின் பழைய திட்டங்களில், சுரப்பி இதைவிட நெருக்கமாக இலக்கை ஒட்டியிருந்தவர்களைத் தேடுங்கள். இலக்குக்கு 70 கிரே தரும் திட்டங்களையும் 60 கிரே தரும் திட்டங்களையும் தயவுசெய்து கலக்காதீர்கள். கடினமான உடலமைப்புள்ள ஒருவருக்கே 26 கிரே கிடைத்திருந்தால், உங்கள் நோயாளிக்கும் அதை எதிர்பார்க்கலாம். இலக்கின் கவரேஜை (இலக்கு முழுவதும் உரிய அளவு கிடைப்பதை) விட்டுக்கொடுக்காமல் மீண்டும் முயலுங்கள். இந்தச் சுரப்பி பாதிக்கப்பட்டு வாய் உலர்ந்தவர் ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்தே விழுங்குகிறார். அவருக்காக இன்னொரு மணி நேரம் செலவிடுவது தகும்.

அப்படி ஒருவரும் கிடைக்கவில்லையென்றால், உடனே 31ஐ ஏற்றுவிடாதீர்கள். பழைய திட்டங்களே சுமாராக இருந்திருக்கலாம். மூத்த இயற்பியலாளர் ஒருவரிடம் உங்கள் திட்டத்தையும் பழைய திட்டங்களையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.